குழம்பு தொடாத சோறு

என் மகனுக்கு 11 வயதாகிறது. அவன் சாப்பிடும் பண்டங்களின் பட்டியல் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இன்றைய கணக்குப்படி அதில் 17 பெயர்கள். அவனுக்கு 5 வயதாக இருந்தபோது மொத்தமே 6தான்: புட்டு, பொன்னி அரிசிச் சோறு, தோசை, பப்படம், மட்டிப்பழம் (எங்கள் பக்கத்துச் சிறு வாழைப்பழம்), பால்.

ஆறு இருக்கிறதே, பரவாயில்லை என்று சொன்னவர்களிடம் மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. புட்டில் தேங்காய்ப்பூ இருக்கக் கூடாது. சோற்றின் மேல் எதையும் ஊற்றக் கூடாது. தோசையில் செம்பழுப்பு வட்டம் விழக் கூடாது. பப்படம் உடையாமல் முழுசாக வர வேண்டும். மட்டிப்பழத்தின் தோலில் ஒரு கரும்புள்ளிகூட ஆகாது. பால் என்றால் நீல பாக்கெட் ஆவின் பால், அதுவும் எவர்சில்வர் டம்ளரில்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்காரர்கள். தேங்காய் போடாமல் புட்டு அவிப்பது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய குற்றம். என் மாமியார் வைக்கும் சாளைக் குழம்பின், அதாவது மத்தி மீன் குழம்பின், வாசனை தெருமுனை வரை போகும். குடம்புளியும் அரைத்த தேங்காயும் சேர்ந்த அந்த வாசனைக்காகவே வேலை இல்லாதவர்கள் வந்து திண்ணையில் உட்காருவார்கள். அந்த வீட்டில் பிறந்த ஒரே பேரன் குழம்பு தொடாத சோறு கேட்டான். குழம்பு வைத்த கையை வேண்டாமென்று தள்ளியதாகத்தான் மாமிக்குப் பட்டது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் சோற்றை மறுப்பதும் பரிமாறியவரை மறுப்பதும் ஒன்று.

அவனுக்கு ஆட்டிசம் என்று 4 வயதில் திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். பேச்சு, விளையாட்டு, கண் பார்த்தல் எல்லாவற்றையும் விளக்கினார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது நம் வளர்ப்புக் கோளாறு, தனிச் சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை என்று தெரிய ஒன்றரை வருடம் ஆனது. ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக விவரித்த மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே சாப்பாட்டுச் சிக்கல் இருக்கிறது. ஒலி, மணம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு 2013-இல் சேர்த்தது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேரிடம் வழக்கத்துக்கு மாறான உணவுப் பழக்கம் இருந்தது. வளர்ச்சிக் குறைபாடு எதுவும் இல்லாத பிள்ளைகளில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்களை முதலில் பார்த்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன். மகனுக்கு ஒன்றும் மாறிவிடவில்லை. எனக்குத்தான் ஒரு பாரம் இறங்கியது.

அரசுப் படிவங்கள் சிலவற்றில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு தமிழ் இருக்கிறது. மூன்று வீடு தள்ளி யாரோ மீன் கழுவினால் ஜன்னலை மூடச் சொல்லும் பிள்ளைக்கா இந்தப் பெயர்? புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மீறி வந்து விழுகிறது என்பதல்லவா எங்கள் கஷ்டமே.

பப்படத்தைக் கொண்டு இதைச் சொல்கிறேன். அவன் பப்படத்தை உடனே தின்னமாட்டான். இரண்டு கையாலும் பிடித்து, வலது காதருகே கொண்டுபோய், ஓரத்தில் கொஞ்சமாக ஒடிப்பான். 'டக்' என்று கேட்டால் வாய்க்குப் போகும். அந்தச் சத்தம் மழுங்கியிருந்தால் தட்டிலேயே வைத்துவிடுவான். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் நவம்பரிலும் பொரித்த பப்படம் பத்து நிமிடத்தில் நமத்துவிடும். அந்த நாட்களில் அவன் 'சாப்பிடாமல் அடம்பிடித்தான்' என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியிருப்போம்! மழை நாள் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மட்டிப்பழமும் அப்படித்தான். கரும்புள்ளி விழுந்த பழத்தை ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு நானே தின்று பார்த்தேன். புள்ளிக்குக் கீழே சதை குழைந்திருந்தது, மணமும் ஒரு படி ஏறியிருந்தது. அவன் சொன்னது சரி. மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதன் தரக் கட்டுப்பாடு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

கல்யாண விருந்துதான் உச்சம். களியக்காவிளைப் பக்கம் ஒரு மண்டபத்தில், அவனுக்கு 5 வயது நடக்கும்போது, இலை போட்டார்கள். வாழையிலைக்கு வரப்பு கிடையாது. அவியலின் தண்ணீர் இஞ்சிப் பச்சடியைத் தொட்டது, பருப்பு சோற்றில் இறங்கியது, அதன்மேல் ஒருவர் பப்படத்தை வைத்து இன்னொருவர் நொறுக்கினார். பாத்திரச் சத்தம், மைக்கில் பாட்டு, பின்னால் அடுத்த பந்திக்காக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். சாம்பார்க் கரண்டி அவன் இலைக்கு வந்தபோது மேசைக்கு அடியில் போய்விட்டான். காதைப் பொத்திக்கொண்டு அவன் அங்கே இருந்த இருபது நிமிடமும், மேலே என் வளர்ப்பைப் பற்றிப் பேச்சு நடந்தது.

மறுவாரம் மார்த்தாண்டத்தில் தடுப்பு வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கினேன். இன்று வரை எங்களுக்கு அதிகம் உதவிய வைத்தியம் அதுதான். விலையும் அதற்குத்தான் குறைவு.

செய்யக் கூடாதவை மூன்றைச் செய்திருக்கிறேன். முதலாவது, மூக்கைப் பிடித்து ஊட்டியது. வாந்தியில் முடிந்தது, அதோடு மடியில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டான். அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை.

இரண்டாவது, பட்டினி. 'பசித்தால் தானே தின்பான், நீ கொடுத்துக் கெடுக்கிறாய்' என்று கோடை விடுமுறையில் ஓர் உறவினர் வீட்டில் சொன்னார்கள். நானும் சரியென்றேன். முதல் நாள் தண்ணீர் மட்டும் குடித்தான். அழவில்லை, கேட்கவில்லை, அதுதான் எங்களை ஏமாற்றியது. இரண்டாம் நாள் மாலை துவண்டு விழுந்து, இரவு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வயிற்றுக்குள் நடப்பதை, பசியையோ தாகத்தையோ மூத்திரம் முட்டுவதையோ, ஆட்டிசம் உள்ள பலர் நம்மைப் போலத் தெளிவாக உணர்வதில்லை என்பதைப் பின்னால்தான் கற்றேன். பசி கதவைத் தட்டினால்தானே அவன் திறப்பான்? இப்போது எங்கள் வீட்டில் மணி அடித்தால் சாப்பாடு: காலை 8, பகல் 1, மாலை 4, இரவு 7.30. பசிக்கிறதா என்ற கேள்வியே கிடையாது.

மூன்றாவது, ஒளித்துக் கொடுத்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். நான் கெட்டிக்காரத்தனமாகத் தோசை மாவில் கலந்தேன். ஒரு கரண்டி மாவுக்கு எத்தனை சொட்டு என்று எண்ணித்தான் விட்டேன். தோசை லேசாகச் சாம்பல் பூத்திருந்தது, அவ்வளவுதான். அவன் மோந்து பார்த்தான். ஒரு விள்ளல் வாயில் வைத்தான். எடுத்தான். அன்றிலிருந்து 14 மாதம் எங்கள் வீட்டில் அவன் தோசை தொடவில்லை. 6 பண்டம் 5 ஆனது. அவன் நம்பித் தின்னும் பண்டத்துக்குள் எதையும் ஒளிக்காதீர்கள், மருந்தையும், கேரட்டையும்கூட. மருந்தைத் தனியே, சாப்பாட்டு மேசைக்குத் தூரத்தில், சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். நாங்கள் வாஷ்பேசின் பக்கத்தில் வைத்து, 'மக்களே, இது மருந்து, நன்றாக இருக்காது, ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்' என்று சிரிஞ்சில் கொடுத்தோம். குடித்தான். பொய் சொல்லாத மருந்தின் மேல் அவனுக்குக் கோபமில்லை. இரும்புச்சத்தைப் பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் இந்தக் கலவரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

திருவனந்தபுரத்தில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி) கொடுத்த பெண் எங்களிடம் முதலில் கேட்டது, மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறான் என்று. எனக்கு எரிச்சலாக இருந்தது; சோற்றுக்கு வழி கேட்டால் இதையா கேட்பது? ஆனால் அவன் நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் போனான். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்குச் சாப்பாடு என்றாலே வயிற்றுவலியின் ஞாபகம். அவர் குழந்தை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினார். மருந்தில் அது சரியான மூன்றாம் வாரமே பட்டியலில் இருந்தவற்றின் அளவு கூடியது. பல்வலி, நெஞ்செரிச்சல், விழுங்குவதில் கோளாறு ஆகியவற்றையும் இப்படி முதலில் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேசத் தெரிந்த பிள்ளையும் இதையெல்லாம் சொல்லாது.

அடுத்து அவர் கொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று வாரம் எதையும் மாற்றாமல் வெறுமனே எழுதச் சொன்னார். என்ன சாப்பிட்டான் என்பதோடு அப்போது என்ன சத்தம், என்ன வாசனை, யார் யார் இருந்தார்கள் என்பதையும். படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கரண்ட் போன நாட்களில் என் மகன் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான்! மிக்ஸி இல்லை, டிவி இல்லை, சத்தம் போடும் பழைய மின்விசிறி இல்லை. அவனுடைய உணவில் நாங்கள் தேடிக்கொண்டிருந்த குறை கூரையில் சுற்றிக்கொண்டிருந்தது. விசிறியை மாற்றினோம். அவன் சாப்பிடும் நேரத்தில் மிக்ஸி ஓடாது. மீன் குழம்பை வீட்டுக்குப் பின்னால் விறகடுப்புக்கு மாற்றச் சொல்லி மாமியிடம் கேட்க எனக்கு இரண்டு வாரம் தைரியம் வரவில்லை. கேட்டதும் அவர் சொன்னது இதுதான்: "விறகில் வைத்தால்தான் குழம்பே ருசி. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

பள்ளிக்கூடத்திலும் நோட்டுத்தான் கைகொடுத்தது. தினமும் பதினொன்றரை மணிக்கு வகுப்பைவிட்டு ஓடுகிறான் என்று புகார். சத்துணவுக்கு முட்டை அவிக்கும் கொட்டகை அவன் ஜன்னலுக்கு நேர் வெளியே இருந்தது. நூறு முட்டை ஒன்றாக வேகும்போது எழும் ஆவி எனக்கே ஒரு மாதிரிதான் இருந்தது. டீச்சர் இடத்தை மாற்றினார், ஓட்டம் நின்றது.

பால் விஷயம் எல்லைச் சிக்கல். என் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை. பஸ்ஸில் அரை மணி நேரம். 1956-இல் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கோடு ரோட்டில்தான் விழுந்தது, அடுப்பங்கரையில் விழவில்லை. இரு பக்கமும் அதே புட்டு, அதே தீயல், அதே மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு). நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அம்மா கேரளத்து மில்மா பாலைக் காய்ச்சிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தவன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு இரண்டும் பால்தான். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலும் அவன் பிரித்துச் சொல்வான். என் தம்பி பந்தயம் வைத்து நூறு ரூபாய் தோற்றான். சோதனைச்சாவடியில் யாரும் கேட்காத இரண்டு பால் பாக்கெட்டுகள் இன்றும் என் பையில் எல்லை தாண்டுகின்றன. பிடித்த பண்டத்தின் கம்பெனியோ பாக்கெட்டோ ஒருநாள் திடீரென்று மாறலாம் என்பதால், அவன் சம்மதத்தோடு பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு பாலையும் கலந்து பழக்கத் தொடங்கியிருக்கிறோம். கலப்பதை அவனேதான் செய்வான், ஸ்பூனால் அளந்து. இப்போது பத்துக்கு மூன்றில் நிற்கிறது.

புதிய பண்டம் சேர்ப்பதற்குத் தெரபி கொடுத்த அந்தப் பெண் சொன்ன வழியில் வேகம் கிடையாது. இருக்கிற பண்டத்திலிருந்து ஒரே ஒரு குணம் மட்டும் மாறியதை, அவன் தட்டில் வைக்காமல் பக்கத்தில் ஒரு சிறு தட்டில் வைக்க வேண்டும். தின்னச் சொல்லக் கூடாது. பார்க்கலாம், தொடலாம், மோக்கலாம், நக்கலாம், தூக்கி எறியலாம். வாயில் வைத்துவிட்டுத் துப்பவும் ஒரு கிண்ணம் உண்டு. அன்னத்தைத் துப்பப் பழக்குகிறார்களே என்று மாமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் துப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அவன் வாயில் வைக்கவே துணிந்தான். தின்றால் பாராட்டவும் கூடாது. கை தட்டினால் அடுத்த நாள் தொடமாட்டான்.

அவனுக்குப் பிடித்த குணம் மொறுமொறுப்பு. ஆகவே பப்படத்திலிருந்து ஏத்தங்காய் உப்பேரிக்கு, அதாவது நேந்திரங்காய் வறுவலுக்கு, போனோம். தேங்காய் எண்ணெயில் பொரித்தது, அதே 'டக்'. நான்கு மாதம் ஆனது. அங்கிருந்து மரச்சீனி உப்பேரி, ஆறு வாரம். அதோடு நின்றிருந்தால் நானும் திருப்தியாக இருந்திருப்பேன். ஆனால் விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் பரப்பிய இந்தக் கிழங்கில் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏழை வீடுகளில்கூடச் சாளையைத் தொட்டுக்கொண்டு தின்றதற்குக் காரணம் ருசி மட்டுமா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சாப்பாட்டில் புரதமும் கால்சியமும் மற்றவர்களைவிடக் குறைகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2013-இல் வந்திருக்கிறது. எனக்குத் தேவை மீன். அவனோ மீன் வாசனைக்கு ஜன்னலை மூடுகிறவன்.

இதற்கு வழி சொன்னது தெரபி அறை அல்ல, மாமி. "நெத்தோலியை முறுகப் பொரித்தால் அது மீனே இல்லை, உப்பேரிதான்" என்றார். நெத்தோலியைத் தலை கிள்ளி, மஞ்சளும் உப்பும் மட்டும் புரட்டி, பின்னடுப்பில் முள்ளோடு கருகாமல் முறுகும் வரை பொரித்தார். முள்ளோடு தின்பதால் கால்சியம் அதில் உண்டு. சிறு தட்டில் ஒரே ஒரு நெத்தோலி. பதினோரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றான். பன்னிரண்டாம் நாள் எடுத்துக் காதருகே வைத்தான்.

எல்லாம் இப்படிப் பலித்ததாக எண்ண வேண்டாம். அவித்த மரச்சீனிக்கு ஒரு வருடம் முயன்று கைவிட்டோம். தயிர், உப்புமா, எந்தக் கீரையும் இன்றுவரை இல்லை. எதிர்பாராத இடத்தில் ஒன்று வந்தது: சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு, சக்கை இல்லாமல் வடிகட்டி, ஐஸ் போட்டு. மெல்லிய மணத்துக்கே முகம் சுளிப்பவன் பல் கூசும் புளிப்பை இரண்டாவது டம்ளர் கேட்கிறான். ஒரே பிள்ளைக்கு ஒரு புலன் மிகையாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருக்கலாம் என்று புத்தகத்தில் படித்ததை அன்றுதான் நம்பினேன். இந்தச் சாறு எங்களுக்குப் பெரிய நிம்மதி. பழம், காய் எதுவும் சேராத பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வரை போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கால்வலி, நொண்டி நடப்பது, ஈறில் ரத்தம் இவற்றைப் பார்த்தால் 'அடம்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் பட்டியலையும் காட்ட வேண்டும். எடை இறங்கினாலும், வளர்த்தி நின்றாலும், இருந்த பண்டங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தாலும் அப்படித்தான். உணவைத் தவிர்ப்பது உடம்பைப் பாதிக்கும் அளவுக்குப் போனால் அதற்குத் தனி நோய்ப்பெயரே உண்டு; நான் முன்பு சொன்ன 2013-ஆம் ஆண்டு அமெரிக்கக் கையேட்டிலேயே அதுவும் இருக்கிறது.

பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசமே போய்விடும் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் வராத மாதமில்லை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு நெறி வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றுவதற்காக இப்படிப்பட்ட உணவுத் தவிர்ப்பைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. 5 பண்டம் தின்னும் பிள்ளையிடமிருந்து பாலையும் பிடுங்கினால் மிஞ்சுவது என்ன என்று அனுப்பியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை நான் நிறுத்திவிட்டேன். விசேஷ வீடுகளுக்குத் தடுப்புத் தட்டோடும் பப்பட டின்னோடும் போகிறோம். கூட்டம் சேரும் முன்பே முதல் பந்தியில், ஓரத்து நாற்காலியில், அவனை உட்கார வைத்துவிடுவேன். யாராவது கேட்டால் 'அவனுக்கு ஒத்துக்கொள்ளாது' என்ற ஒரு வரி போதும். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னடுப்பில் எண்ணெய் காய்கிறது. மாமி முதல் ஈடு நெத்தோலியை அரிகரண்டியில் அள்ளினார். ஒன்றை எடுத்து ஊதி, காதருகே வைத்து ஒடித்தார். சத்தம் போதவில்லை போலிருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி எண்ணெயில் கவிழ்த்துவிட்டார்.